மே மாசக் குறிப்பு: ஜெனீவால தூக்குன கை

2025 மே 17, சனி

நாளைக்கு முள்ளிவாய்க்கால் நாள், 2009ல இலங்கைப் போரோட கடைசில செத்த சனத்த நெனைக்கிற நாள். காலைல பசியாறப் போன கடைல நம்ம ப்ளாட் கிளிநொச்சி அக்கா இருந்தாங்க, 2008 செப்டம்பர்ல ஐநா ஆளுங்க ஊர விட்டுக் கிளம்புனதப் பத்தி இன்னைக்குத்தான் வாயத் தொறந்து சொன்னாங்க. "கேட்டுக்கு முன்னால நிண்டு கையெடுத்துக் கும்பிட்டம் தம்பி. நீங்களும் போனா இஞ்ச நடக்கிறத ஆர் பாக்கிறது எண்டு கேட்டம்." பாதுகாப்பு தர முடியாதுன்னு அரசாங்கம் சொல்லுச்சு, அவங்க வண்டிய எடுத்துட்டாங்க, அவ்ளோதான்.

மே 18, ஞாயிறு

நினைவேந்தலுக்குப் போயிட்டு வந்து தூக்கம் வரல. புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி இருக்குற இடம் ராணுவத்துக்கு நல்லாவே தெரியும், அப்படியும் 2009 பிப்ரவரில ஷெல் மேல ஷெல் விழுந்துச்சு. கொழும்புல இருந்த ஐநா ஆபீஸ் செத்தவங்க கணக்க எடுத்து வச்சிருந்துச்சு, ஆனா வெளிய விடல. பாதுகாப்புச் சபைல அந்த விஷயம் முறையான அஜெண்டாவுக்கே வரல. 2011ல ஐநா நிபுணர் குழு 40,000 பேர் வரைக்கும் செத்திருக்கலாம்னு எழுதுச்சு, 2012ல சார்ல்ஸ் பெட்ரி தலைமைல வந்த உள் விசாரணை ஐநாவே கைவிட்டுருச்சுன்னு ஒத்துக்கிச்சு. புலிகள் சனத்த வெளிய போக விடாம சுட்டதும் அந்த நிபுணர் குழு ரிப்போர்ட்ல இருக்கு, அத நம்ம ஆளுங்க மறைக்கக் கூடாது. ஆனா சொந்தக் குடிமக்கள் இருக்குற எடத்துக்கு 'தாக்குதலற்ற வலயம்'னு பேர் வச்சு, அங்க போங்கன்னு சொல்லி, அதுக்குள்ளயே அடிச்சது ஒரு அரசாங்கம்.

மே 20, செவ்வாய்

உலகம் வேடிக்க பார்த்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு அதுல சம்மதம் இல்ல. வேடிக்க பார்த்திருந்தாக்கூட பரவால்ல. போர் முடிஞ்சு பத்து நாள் ஆகல, 2009 மே 27, ஜெனீவால ஐநா மனித உரிமைக் கவுன்சில், இலங்கையே எழுதிக் கொண்டு வந்த தீர்மானம், அரசாங்கத்தப் பாராட்டி, உள்நாட்டு விஷயத்துல யாரும் தலையிடாதீங்கன்னு. ஆதரவு 29, எதிர்ப்பு 12, நடுநிலை 6. அந்த 29ல இந்தியா இருக்கு, நம்ம மலேசியாவும் இருக்கு. இங்க இத்தன லட்சம் தமிழங்க வரி கட்டுறோம், எங்க பேர்லயும்தான அந்த ஓட்டு? 2005லதான் உலகத் தலைவருங்க எல்லாம் நியூயார்க்ல கூடி, ஒரு நாடு தன் சனத்தக் காப்பாத்தலன்னா நாங்க பொறுப்பெடுப்போம்னு ஒத்துக்கிட்டாங்க. நாலே வருஷம்.

மே 22, வியாழன்

நம்ம ப்ளாட்டுக்குக் கீழ புல்லு வெட்ற ரோஹிங்யா தம்பிக்கு இருவது வயசு இருக்கும். 2017ல மியன்மார் ராணுவம் ஊர எரிச்சப்ப வங்காளதேசத்துக்கு ஓடுன ஏழு லட்சத்துக்கும் மேல ஆளுங்கள்ல ஒருத்தன், அப்புறம் படகேறி இங்க. ஐநா குடுத்த அகதி கார்டப் பிளாஸ்டிக்ல சுத்தி நெஞ்சுப் பாக்கெட்டுல வச்சிருக்கான், சட்டப்படி வேல செய்ய முடியாது. மியன்மார உலக நீதிமன்றத்துக்கு இழுத்தது யாருன்னா ஆப்பிரிக்கால இருக்குற குட்டி நாடு காம்பியா, 2019ல. அதே வருஷம் மார்ச்ல நம்ம நாடு ரோம் சாசனத்துல, அதான் இனப்படுகொலை, போர்க்குற்றம் செஞ்ச ஆளுங்கள விசாரிக்குற சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தோட ஒப்பந்தத்துல, சேர்ந்து ஏப்ரல்லயே வெலகுச்சு. அதுக்கும் முன்னால போனா கம்போடியா. பத்து லட்சத்துக்கும் மேல சொந்த சனத்தக் கொன்ன கெமர் ரூஜ் கும்பல 1979ல ஆட்சிய விட்டு விரட்டுன அப்புறமும் அவங்களுக்கு ஐநா நாற்காலி போகல, அதுக்கு ஆதரவா நின்னது தென்கிழக்காசிய நாடுங்களோட கூட்டமைப்பான ஆசியான், நாமளும் சேர்த்துத்தான்.

மே 27, செவ்வாய்

எங்க தொகுதி எம்.பி. ஆபீஸுக்கு மெயில் போட்டாச்சு. 2022 அக்டோபர்ல அதே கவுன்சில்ல இலங்கைய பொறுப்புக் கேக்குற தீர்மானம் வந்தப்ப மலேசியா நடுநிலை, 29ல ஒன்னா நின்னதுக்கு இது எவ்வளவோ தேவலாம், ஆனா எனக்குப் பத்தாது. 2009 ஓட்டுக்கு யார் உத்தரவு குடுத்தா, அடுத்த தடவ ஓட்டுப் போடுறதுக்கு முன்னால நாடாளுமன்றத்துல சொல்லுவீங்களா, இந்த ரெண்டுதான் கேட்டிருக்கேன். கிளிநொச்சி அக்கா தன் பேரையும் சேர்த்துப் போடச் சொன்னாங்க, போட்டேன்.