முப்பதிலேயே முதுகு தேய்ந்தால் மூத்திரத்தையும் பாருங்க

பால்வெட்டுக்காரர், தென்னை ஏறுகிறவர், வள்ளம் தள்ளுகிறவர் என்றால் முதுகுவலிக்கு வேலைமேல் பழி போய்விடும். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் முப்பதுகளிலேயே நடுமுதுகு விறைத்து, பிறகு முழங்காலும் இடுப்பும் வரிசையாகப் பழுதானால் வீட்டில் அம்மாவிடம் கேளுங்கள்: குழந்தையில் மூத்திரத் துணி சோப்பு பட்டதும் கறுத்ததா?

கறுத்திருந்தால் அது அல்காப்டோனூரியாவாக இருக்கலாம். அரிய நோய்தான். பரம்பரையாக வரும் வளர்சிதைக் கோளாறு என்ற கருத்தே 1902-ல் இங்கிலாந்து மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரோட் இதைப் பற்றி எழுதியதில் இருந்துதான் வேர்விட்டது. மீன், முட்டை, பருப்பில் உள்ள டைரோசின் என்ற புரதக் கூறு உடைபடும்போது ஹோமோஜென்டிசிக் அமிலம் உண்டாகும். அதை மேலும் உடைக்கும் நொதி இவர்களுக்கு வேலை செய்யாது. நாளுக்குச் சில கிராம் மூத்திரத்தில் போகும். தங்குவது குருத்தெலும்பில் கரும்படிவாக ஏறி அதை நொறுங்க வைக்கும்.

கண்ணாடிக் குப்பியில் மூத்திரம் பிடித்து ஒரு நாள் திறந்து வையுங்கள். இந்த நோய் இருந்தால் மேலிருந்து கறுத்து இறங்கும். சலவைச் சோடாக் கரைசல் விட்டால் சீக்கிரம் கறுக்கும். கறுக்காததாலே நோயில்லை என்று விட்டுவிடக் கூடாது. புளிப்புத்தன்மை கூடிய மூத்திரம் நிறம் மாற வெகுநேரமாகும். 24 மணி நேர மூத்திரத்தில் அந்த அமிலத்தை அளப்பதே உறுதியான சோதனை. மூத்திரத்தில் சர்க்கரை பார்க்கும் பழைய பெனடிக்ட் சோதனை இதைச் சர்க்கரை என்று காட்டி ஏமாற்றும். காதுமடல் நீலம் பாய்ந்திருக்கிறதா, கண்வெள்ளையில் பழுப்புத் திட்டு உண்டா என்றும் பாருங்கள்.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனையிலோ வேறெங்கோ எடுத்த எக்ஸ்ரேயில் முதுகெலும்புத் தட்டுகள் சுருங்கிச் சுண்ணாம்பு படிந்திருக்கும். முதுகெலும்பு விறைக்கும் வாதம் என்று இதைத் தவறாக எண்ணுவது வழக்கம். அந்த வாதத்தில் முதலில் கெடுவது, முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் இடுப்படி மூட்டு.

நிட்டிசினோன் மாத்திரை, பெரியவர்களுக்கு நாளுக்கு 10 மில்லிகிராம், அந்த அமிலம் உண்டாகும் படியையே அடைக்கிறது. ஐரோப்பாவில் 2020-ல் அனுமதி கிடைத்தது. ஏற்கெனவே நொறுங்கிய மூட்டை அது திருப்பித் தராது, அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிக்கச் சொல்கிறோம். மாத்திரையால் டைரோசின் ஏறி, கருவிழி உறுத்தும், கண் கூசும். மரச்சீனியும் மீனும் சாப்பிடுகிறவர் மீனை எவ்வளவு குறைப்பது என்பதை உணவியல் நிபுணரிடம் கேட்டே முடிவு செய்யட்டும்.

தாய் தகப்பன் இருவரிடமும் பழுதான மரபணு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரையும் சோதியுங்கள், சொந்தத்தில் கல்யாணம் நடந்த வீடென்றால் கட்டாயம். நோயுள்ளவர்களில் நாற்பது தாண்டியவர்கள் எக்கோ என்ற இதய ஸ்கேனும் எடுங்கள். இதயத்தின் பெருந்தமனி வால்வு இறுகலாம்.