போஸ்ட்கிரெஸில் கனெக்‌ஷன் தீர்ந்துபோனால்

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "டூ மெனி கிளையன்ட்ஸ்" என்று எரர் வருகிறதே, என்ன செய்வது என்பதுதான். பலர் உடனே, ஒரே நேரத்தில் எத்தனை பேர் இணையலாம் என்று சொல்லும் மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் எண்ணைக் கூட்டிவிட்டு சர்வரை ரீஸ்டார்ட் செய்கிறார்கள், எனக்கு அது பிடிக்காது. இயல்பாக இருப்பது 100, அதில் 3 எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசருக்கென ஒதுக்கியது, அதனால் அப்ளிகேஷன் வெளியே நின்று கத்தினாலும் நீங்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம் (அப்ளிகேஷனையே சூப்பர்யூசராக ஓடவிட்டிருந்தால் அந்த 3-ம் போச்சு).

சரி, உள்ளே போனதும், யார் இணைந்து என்ன செய்கிறார்கள் என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைப் பாருங்கள். ஸ்டேட் என்ற இடத்தில் வெறும் 'ஐடில்' (சும்மா இருப்பது) வரிசையாக இருந்தால், இணைப்புகளைப் பகிர்ந்து பயன்படுத்தும் பூல் அமைப்பு சரியில்லை, அதற்கென உள்ள பிஜிபவுன்சர் மாதிரி ஒன்றை நடுவில் வையுங்கள். 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்' என்று இருந்தால்தான் தலைவலி: யாரோ பிகின் போட்டுத் தொடங்கி, ஒரு அப்டேட் ஓட்டிவிட்டு, கமிட் செய்து முடிக்காமல் டீ குடிக்கப் போயிருக்கிறார்; அவர் பிடித்த லாக்குக்காக மற்றவர்கள் காத்திருக்க, கனெக்‌ஷன் குவிகிறது, கூடவே சுத்தம் செய்யும் வேக்குவமும் செத்த (பழைய, இனி தேவைப்படாத) வரிகளை அகற்ற முடியாமல் டேபிள் வீங்கிக்கொண்டே போகிறது.

எக்ஸாக்ட்_ஸ்டார்ட் (xact_start, பிகின் போட்ட நேரம்) பார்த்து, மிகப் பழையதன் பிஐடியை (புராசஸ் எண்) பிஜி_டெர்மினேட்_பேக்கெண்டுக்குக் கொடுங்கள், கமிட் ஆகாத மாற்றம் ரத்தாகி ரோல்பேக் ஆகிவிடும். லினக்ஸில் புராசஸை வலுக்கட்டாயமாகக் கொல்லும் கில் -9 மட்டும் வேண்டவே வேண்டாம், ஒரு புராசஸ் அப்படிச் செத்தால் மற்ற எல்லா கனெக்‌ஷனையும் அறுத்துவிட்டு சர்வர் ரெக்கவரிக்குப் போய்விடும்.

அப்புறம், ஐடில்_இன்_டிரான்சாக்‌ஷன்_செஷன்_டைமவுட் (இப்படிப் பாதியில் சும்மா கிடப்பதைக் குறித்த நேரத்தில் துண்டிக்கும் அமைப்பு) 2016-ல் வந்த 9.6 பதிப்பிலிருந்தே இருக்கிறது, இயல்பில் 0, அதாவது அணைத்தே வைத்திருப்பார்கள். ஐந்து நிமிடம் என்று வைத்துப் பாருங்கள். ரீலோட் போதும், ரீஸ்டார்ட் தேவையில்லை.