தோமெனில் நிலையத்துச் சிறிய எழுத்துகள்

பாரிஸுக்கு வந்த முதற் குளிர்காலத்தில், உணவகமொன்றில் கோப்பை கழுவும் வேலை முடிந்து ஆறாம் இலக்க மெத்ரோ ரயிலில் வந்து, எட்டாம் இலக்கத்துக்கு மாறுவதற்காக நள்ளிரவில் தோமெனில் நிலையத்தில் இறங்குவேன். மொழி அறியாத எனக்கு நிலையப் பெயர்களே அரிச்சுவடியாக இருந்தன. அங்கே "தோமெனில்" என்ற பெரிய எழுத்துகளின் கீழே சிறிதாக "பெலிக்ஸ் எபுவே" என்றிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்து, கொப்பியில் தமிழில் எழுதிக்கொண்டேன். மேலே ஏறினால், வெண்கலச் சிங்கங்கள் சூழ்ந்த நீரூற்று நிற்கும் சதுக்கத்துக்கும் அதே பெயர்தான்.

பிரெஞ்சு வகுப்பில், தான் வாழும் பகுதியிலுள்ள ஒரு பெயரைப் பற்றி ஒவ்வொருவரும் பேச வேண்டும் என்று ஆசிரியை சொன்னபோது நான் பெலிக்ஸ் எபுவேயைத் தெரிந்தெடுத்தேன்.

எபுவே 1884இல் தென் அமெரிக்காவின் பிரெஞ்சுக் கயானாவிலுள்ள கயேன் நகரில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றலாகப் பிறந்தவர். புலமைப்பரிசில் பெற்று, கடல் கடந்து பிரான்சின் போர்தோ நகருக்குப் படிக்க வந்தார் என்பதை வாசித்தபோதே அவர் எனக்கு நெருக்கமாகிவிட்டார். குடியேற்ற நாடுகளின் நிர்வாகிகளைப் பயிற்றும் கல்லூரியில் 1908இல் தேறி, இன்றைய மத்திய ஆப்பிரிக்கக் குடியரசான உபாங்கி-சாரியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். ஆளுவதற்கென அனுப்பப்பட்டவர், சங்கோ, பண்டா முதலிய மொழிகளைக் கற்று 1918இல் நூல் வெளியிட்டதோடு, முரசொலியாலும் சீழ்க்கையாலும் அம்மக்கள் சேதி சொல்லும் முறையையும் ஆராய்ந்தார். அவர் வாழ்வில் என்னை மிகவும் கவர்ந்தது இதுவே.

1936இல் கரீபியத் தீவான குவாதலூப்பின் ஆளுநர் பொறுப்பை ஏற்றபோது, அந்நிலைக்கு உயர்ந்த முதற் கறுப்பினத்தவரானார். 1854 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழரின் சந்ததியினரும் அத்தீவில் வாழ்ந்தனர். பின்னர் சாட் நாட்டின் ஆளுநரானார். 1940இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்து பெத்தானின் அரசு (விஷி நகரிலிருந்து ஆண்டதால் விஷி அரசு எனப்பட்டது) பணிந்தபோது, ஆகஸ்ட் 26ஆம் திகதி சாட்டை, போரைத் தொடர்ந்த தளபதி து கோலின் பக்கம் நிறுத்தினார்; அதற்காக விஷி அரசு அவருக்கு அவர் இல்லாமலே மரண தண்டனை விதித்தது. அவ்வாண்டே சாட், உபாங்கி-சாரி முதலியவை அடங்கிய பிரெஞ்சு நிலநடுக்கோட்டு ஆப்பிரிக்கா முழுவதற்கும் தலைமை ஆளுநரானவர், 1944 மே மாதம் கெய்ரோவில் காலமானார். 1949இல் அவரது உடல், பிரான்சின் பெரியோர்கள் அடக்கம் செய்யப்படும் பாரிஸின் பந்தெயோன் மண்டபத்தில் வைக்கப்பட்டது.

இவ்வளவையும் தட்டுத்தடுமாறி வாசித்து முடித்தேன். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகரான பாங்கியிலிருந்து வந்த சக மாணவியான ஓர் அம்மையார் என் உச்சரிப்பைத் திருத்திவிட்டு, "பருத்தியைப் பற்றி ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். 1920களில் எபுவே அங்கே பருத்திச் செய்கையைப் பரப்பியதும், அது கட்டாய உழைப்பாகக் கிராமங்கள்மீது சுமத்தப்பட்டதும் எனக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை. அவ்வாரம் நூலகத்திலிருந்து தேடி எடுத்துப் புதிய பந்தி ஒன்றைச் சேர்த்து, அந்த அம்மையாருக்குப் பக்கத்திலேயே அமர்ந்து மீண்டும் வாசித்தேன்.