நைரோபியும் ஒரு தண்டவாள ஊர்தான்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்ததாலோ என்னவோ, கென்யாவின் கதை எனக்கு அந்நிய நாட்டுக் கதையாகப் படுவதே இல்லை. 1896-இல் மொம்பாசாவில் தொடங்கி 1901-இல் விக்டோரியா ஏரிக்கரையைத் தொட்ட ரயில் பாதைக்காக, ஆங்கிலேயர் இந்தியாவிலிருந்து சுமார் 32,000 பேரைக் கப்பலேற்றினார்கள், பெரும்பாலும் பஞ்சாபிகள், அவர்களில் ஏறக்குறைய 2,500 பேர் அங்கேயே செத்துப்போனார்கள். சாவோவில் அந்தத் தொழிலாளர்களைக் கொன்று தின்ற சிங்கங்களைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், நோயில் போனவர்கள் அதைவிடப் பல மடங்கு. 1899-இல் சதுப்பு நிலத்தில் போட்ட ரயில்வே முகாம்தான் இன்றைய நைரோபி.

அப்புறம், ரயிலுக்குப் போட்ட பணத்தை எடுக்க வேண்டுமே என்று மேட்டு நிலங்களை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்தார்கள், கிக்கூயு மக்கள் சொந்த மண்ணிலேயே கூலிகளானார்கள். 1952-இல் நெருக்கடி நிலை வரை போன, ஆங்கிலேயருக்கு எதிரான மாவ் மாவ் கிளர்ச்சிக்கு வேர் அங்கேதான்.

என் மனசில் நிற்பவர் மக்கன் சிங், தொழிற்சங்கக்காரர். 1950 ஏப்ரலில் நைரோபியில் மேடையேறி முழு விடுதலை வேண்டும் என்று கேட்டார், மே மாதமே பிடித்து 1961 வரை அடைத்து வைத்தார்கள். அவரைப் பிடிப்பதற்கு முந்தைய வருடம், 1949-இல்தான், இங்கே கோலாலம்பூர் புடு சிறையில் நம் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியைத் தூக்கில் போட்டிருந்தார்கள். 1963 டிசம்பர் 12-இல் கென்யா விடுதலை அடைந்தபோது, அதை முன்பே கேட்ட மக்கன் சிங்கைப் புதிய ஆட்சி ஓரங்கட்டிவிட்டது. எனக்கு இது இன்னும் ஆறவில்லை.