பால் ஊற்றாதவர்களின் பட்டியல்

மார்ச் 4, 2025, செவ்வாய்

பால் சொசைட்டியின் மாத அறிக்கையைச் சரிசெய்யும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. உறுப்பினர் பதிவேட்டில் 214 பேர். பிப்ரவரி அறிக்கையிலோ 171 பெயர்கள்தான். யாரும் அழித்துவிடவில்லை. பழைய க்வரி (தரவுத்தளத்திலிருந்து தகவலைக் கேட்டெடுக்கும் எஸ்கியூஎல் கட்டளை) உறுப்பினர் டேபிளையும், ஊற்றிய பால் பதிவாகும் கொள்முதல் டேபிளையும் இன்னர் ஜாயினில் இணைக்கிறது. இரண்டிலும் இருப்பவர்கள் மட்டுமே அதில் வருவார்கள். மாடு வற்றியவர், சினை மாட்டை வைத்துக் காத்திருப்பவர், தனியாருக்கு ஊற்றப் போனவர் எல்லோரும் சத்தமில்லாமல் விழுந்துவிடுகிறார்கள்.

செயலாளருக்கு வேண்டியது அந்த 43 பேர்தான். "ஊத்துறவங்களத்தான் தெனமும் பாக்குறேனே தம்பி. ஊத்தாதவங்க யாருன்னு எடுத்துக் குடுங்க" என்றார்.

மார்ச் 5, புதன்

இன்னர் என்பதை லெஃப்ட் அவுட்டர் ஜாயின் என்று மாற்றினாலும் அதே 171 தான் வருகிறது. இந்த இடத்தில்தான் பலர் அவுட்டர் ஜாயினையே சந்தேகப்படுவார்கள். ஆனால் ஜாயின் தன் வேலையைச் செய்துவிட்டது. இடப்பக்க டேபிளில் உள்ள எல்லோரையும் வைத்துக்கொண்டு, பொருந்தும் பால் பதிவு இல்லாதவர்களுக்கு வலப்பக்கக் கட்டங்களில் 'நல்' (NULL, மதிப்பு இல்லை என்ற குறி) போட்டுவிட்டது. கெடுப்பது அதற்கு அடுத்து வரும், வரிசைகளை வடிகட்டும் வேர் (WHERE) பகுதி. 'தேதி பிப்ரவரிக்குள் இருக்கவேண்டும்' என்று அங்கே எழுதியிருக்கிறது. தேதி 'நல்' ஆக இருந்தால் அந்த ஒப்பீட்டுக்கு உண்மை, பொய் இரண்டுமே விடை இல்லை, 'தெரியாது' என்பதே விடை. வேர் பகுதி உண்மையை மட்டும் உள்ளே விடும். தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ் இதை முன்பே கண்டுகொண்டு, லெஃப்ட் ஜாயினைத் தானே இன்னர் ஜாயினாக மாற்றி ஓட்டுகிறது. க்வரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் போட்டுப் பார்த்தால் 'லெஃப்ட்' என்ற சொல்லே காணாது.

இதற்கு 'அல்லது தேதி நல்' என்று ஒட்டுப்போடும் வழக்கம் ஒன்று உண்டு. போட்டால் 180 பேர் வருகிறார்கள். பார்க்கச் சரியாகிவருவதுபோல் இருப்பதால்தான் இது அதிக ஆபத்து. கூடுதலாக வந்த 9 பேரும் சேர்ந்த நாள் முதல் ஒரு வேளைகூட ஊற்றாதவர்கள். மீதி 34 பேர் ஜனவரி வரை ஊற்றி, பிப்ரவரியில் நிறுத்தியவர்கள். அவர்களுக்குப் பழைய பதிவுகள் பொருந்திவிடுவதால் 'நல்' வரிசையே உண்டாவதில்லை. ஜனவரி தேதியும் வேர் பகுதியைத் தாண்டாது. சொசைட்டி முதலில் போய்ப் பார்க்கவேண்டியது இந்த வீடுகளைத்தான்!

தேதி நிபந்தனையை, எதோடு எது பொருந்தும் என்று ஜாயினுக்குச் சொல்லும் ஆன் (ON) பகுதிக்கு நகர்த்தினேன். 214 பேரும் வந்துவிட்டார்கள். 'பிப்ரவரிப் பதிவு இருந்தால் சேர், இல்லாவிட்டாலும் ஆளை விடாதே' என்பதே இப்போது க்வரியின் பொருள். இடப்பக்க டேபிளைப் பற்றிய நிபந்தனை வேர் பகுதியிலேயே இருக்கவேண்டும். உதாரணமாக, 'நடப்பு உறுப்பினர் மட்டும்' என்பதை ஆனில் எழுதினால் விலகியவர்களும் பட்டியலில் வந்துவிடுவார்கள்.

ஆரக்கிள் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளின் பழைய க்வரிகளில் எல்லா நிபந்தனையும் வேர் பகுதியிலேயே இருக்கும், வலப்பக்கக் கட்டத்துக்கு அருகே அடைப்புக்குள் ஒரு கூட்டல் குறியோடு. எது இணைப்பு, எது வடிகட்டல் என்று கண்ணுக்குத் தெரியாது. 1992-ஆம் ஆண்டின் எஸ்கியூஎல் தரநிலை ஜாயினையும் ஆனையும் தனியே பிரித்து எழுத வழிசெய்தது பெரிய உபகாரம்.

மார்ச் 7, வெள்ளி

லிட்டர் கூட்டல். ஊற்றாதவர்களுக்கு, கூட்டித் தரும் சம் (SUM) 'நல்' தரும், 'நல்' இடத்தில் வேறு மதிப்பு வைக்கும் கோஅலெஸ் (COALESCE) போட்டுப் பூஜ்யமாக்கவேண்டும். எத்தனை வேளை ஊற்றினார் என்று எண்ண, எண்ணித் தரும் கவுன்ட்டுக்குள் (COUNT) எல்லா வரிசையையும் எண்ணச் சொல்லும் நட்சத்திரம் கூடாது. ஊற்றாதவருக்கும் ஒரு வரிசை இருப்பதால் 1 என்று காட்டும். கொள்முதல் டேபிளின் ஐடியை (பதிவு எண்) எண்ணினால் 0 வரும்.

தீவனக் கடனையும் இதிலேயே சேர்க்கச் சொல்கிறார்கள். அப்படியே இன்னொரு லெஃப்ட் ஜாயின் போட்டால், கடன் வாங்கியவரின் ஒவ்வொரு பால் பதிவும் ஒவ்வொரு கடன் பதிவோடும் பெருகிவிடும். லிட்டரும் பொய், கடனும் பொய். இரண்டையும் தனித்தனியே உறுப்பினர்வாரியாகக் கூட்டி, அப்புறம்தான் இணைக்கவேண்டும்.

மார்ச் 10, திங்கள்

செயலாளர் கேட்ட 43 பேர். லெஃப்ட் ஜாயின் செய்து, கொள்முதல் ஐடி 'நல்' ஆக உள்ளவர்களை மட்டும் எடுத்தால் போதும். ஐடி என்றும் காலியாக இருக்காது என்பதால் அதையே பார்க்கவேண்டும். கொழுப்பு அளவைப் பார்த்தால், அளக்காமல் விட்ட பாலும் ஊற்றாத கணக்கில் போய்விடும். 'பொருந்தும் பதிவே இல்லாதவர்' என்று கேட்கும் நாட் எக்ஸிஸ்ட்ஸ் (NOT EXISTS) என்று எழுதினாலும் இதே விடை, படிக்கவும் எளிது. 'ஊற்றியவர் எண்களில் இல்லாதவர்' என்று கேட்கும் நாட் இன் (NOT IN) மட்டும் வேண்டாம். உறுப்பினரல்லாதவர் ஊற்றும் பால் எங்கள் டேபிளில் உறுப்பினர் எண் இல்லாமல்தான் பதிவாகிறது. அப்படி ஒரே ஒரு 'நல்' உள்ளே இருந்தால் யாருக்கும் விடை 'உண்மை' என்று வராது, பட்டியல் முழுக்கக் காலி.

மார்ச் 13, வியாழன்

பட்டுவாடா கணக்கை வங்கி அனுப்பிய கோப்போடு ஒப்பிட்டேன். இங்கே விடுபடல் இரண்டு பக்கமும் உண்டு. நாங்கள் அனுப்பி வங்கியில் ஏறாதவை ஒரு பக்கம், வங்கியில் ஏறி எங்களிடம் பில் இல்லாதவை மறு பக்கம். ஃபுல் அவுட்டர் ஜாயின் இரண்டையும் ஒரே பார்வையில் காட்டிவிடுகிறது. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் இது கிடையாது, இரண்டு க்வரி எழுதி யூனியனால் ஒட்டவேண்டும். எஸ்கியூலைட் என்ற மற்றொன்றுக்கும் 2022-இல் 3.39 பதிப்பில்தான் வந்தது.

43 பேர் பட்டியலை வாங்கிக்கொண்ட செயலாளர், இனி நாள்வாரியாக, காலை மாலை பிரித்து வேண்டும் என்கிறார். ஊற்றாத நாளுக்கு எந்த டேபிளிலும் வரிசை இல்லை. அதனால் முதலில் மாதத்தின் தேதிகளை ஜெனரேட் சீரீஸால் உண்டாக்கி, உறுப்பினர்களோடும் இரண்டு வேளைகளோடும் கிராஸ் ஜாயின் (ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் சேர்ப்பது) செய்யவேண்டும். மார்ச்சுக்கு 13,268 வரிசைகள். அதை இடப்பக்கம் வைத்துக் கொள்முதலை லெஃப்ட் ஜாயின் செய்யலாம். ஆள், தேதி, வேளை மூன்றும் ஆன் பகுதியில்.