தட்டியபோது கேட்ட சத்தம்

ஆற்றுப் பாலத்தைச் சோதிக்கப் போன அன்று, மூன்றாவது வளைவின் அடியில், தூணோடு சேரும் இடத்தில், சுத்தியலால் தட்டியபோது இரண்டு முழ நீளத்துக்குச் சத்தம் பொள்ளலாகக் கேட்டது. பரிசலைத் தூணோடு அணைத்துப் பிடித்திருந்த பெரியவர், "என்னங்க சார், வெறும் பானையத் தட்டுனாப்பல கேக்குதுங்க?" என்றார். "பழைய பாலம்னா அப்படித்தானுங்க" என்று சொல்லிவிட்டு, பரிசலை அடுத்த தூணுக்கு விடச் சொன்னேன்.

அந்தப் பதில் முழுப் பொய்யல்ல. பவானிசாகர் அணை கட்டி முடிந்த 1955க்கும் முந்தைய பாலம் அது. வளைவுப் பாலத்தில் பாரம் பெரும்பாலும் அழுத்தமாகவே கான்கிரீட்டின் வழியே இறங்குவதால், உத்திரத்தைப் போல அது கம்பியையே நம்பி நிற்பதில்லை. ஆனால் கொத்திய இடத்தில், காரத்தன்மையைக் காட்டும் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தபோது, ரோஜா நிறம் ஏறியிருக்க வேண்டிய கான்கிரீட், கம்பி இருந்த ஆழம் வரையிலும் சாம்பல் நிறமாகவே இருந்தது. கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை போய், துருவேறிய கம்பி பருத்து, மேல்காரையைத் தள்ளியிருந்தது. பாலத்தில் கனரக வாகனங்கள் போவதை நிறுத்தலாம் என்ற வரியை அறிக்கையில் முதலில் எழுதினேன். பிறகு நானே அதை அடித்துவிட்டு, 'மேற்பரப்புப் பெயர்வு, சீரமைத்துக் கண்காணிக்கவும்' என்று மாற்றினேன். யாரும் அடிக்கச் சொல்லவில்லை. "நிறுத்தறது சுலபமுங்க, மறுபடி திறக்க யாரு கையெழுத்துப் போடுவாங்க?" என்று மட்டும் மேலதிகாரி கேட்டார். கரும்பு வெட்டுப் பருவம் வேறு.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சிக் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி இடிந்தது. 1928இல் கட்டிய அந்தப் பாலத்தில், பக்கத்தில் புதுப்பாலம் வந்தபின் போக்குவரத்தே இல்லை. செய்தியைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆறுதல்தான்: நான் அடித்த வரிக்கும் பாலம் விழுவதற்கும் தொடர்பில்லை. மறுநாள்தான், வெள்ளம் அரிப்பது தூண்களின் அடியைத்தான், அதை நான் பார்க்கவே இல்லை என்பது உறைத்தது. வரிசையாக நிற்கும் வளைவுகள் ஒன்றின் தள்ளுவிசையை ஒன்று தாங்கிக்கொள்பவை; நடுவில் ஒரு தூண் இறங்கினால் இருபக்க வளைவும் நிலைகுலையும். நான் போன நாளில் அணையில் தண்ணீரைக் குறைத்திருந்தார்கள், ஆற்றில் இடுப்பளவே ஓடியது. நானே இறங்கிப் பார்த்திருக்கலாம்.

பொள்ளலாகக் கேட்ட இடத்தைப் பிறகு கொத்தி, கம்பியைச் சுத்தம் செய்து பூசினார்கள். பாலம் நிற்கிறது, கரும்பு லாரிகளும் போகின்றன. அது நிற்பதால் நான் எழுதியது சரியாகிவிடாது என்றுதான் நினைக்கிறேன். இன்று கேட்டாலும் அந்த வரியை அடித்திருப்பேன் என்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெரியவர் அன்றாடம் அந்த வளைவுக்கு அடியில் பரிசல் விடுகிறவர். அவருக்கு மட்டுமாவது, "தெரியலீங்க, கீழ பாக்கோணும்" என்று சொல்லியிருக்கலாம்.