வளை தோண்டாத முயல்

ஏப்ரல் 8, செவ்வாய்

52. என் கணவருக்கு வேலை போய்விட்டது. வேறு வேலை கிடைக்காவிட்டால் நாங்கள் அமெரிக்காவை விட்டுக் கிளம்ப இன்னும் இத்தனை நாள்.

ஆறரை மணி. காபிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். புல்வெளியின் நட்ட நடுவில் ஒரு முயல் தன் வயிற்று மயிரைத் தானே பிடுங்கிக்கொண்டிருந்தது. சொறி ஏதாவது பிடித்திருக்குமோ என்று பயந்துவிட்டேன். வாய் நிறைய மயிரோடு குனிந்தது. நிமிர்ந்தபோது வாயில் ஒன்றும் இல்லை. பிறகு போய்க் காய்ந்த புல்லை ஒரு கற்றையாகக் கவ்விக்கொண்டு வந்தது. கற்றை இரண்டு பக்கமும் மீசைபோல் நீட்டிக்கொண்டிருந்தது. மறுபடி குனிந்தது. அதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

வேலியோரம் புதர் இருக்கிறது. பின்கட்டு மரப்படிக்கு அடியில் இடம் இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு வெட்டவெளியில் ஏன் வந்தாய், பெண்ணே?

மாலையில் இரண்டு முயல்கள் வந்தன. நேருக்கு நேர் நின்று முறைத்துக்கொண்டிருந்தன. திடீரென ஒன்று செங்குத்தாக எழும்ப, மற்றது அதன் அடியில் புகுந்து ஓடியது. பிறகு முறை மாறியது. நாங்கள் பள்ளிக்கூடத் திடலில் ஆடிய பச்சைக் குதிரை அப்படியே. பாப்பாவைக் கூப்பிடுவதற்குள் போய்விட்டன.

ஏப்ரல் 9, புதன்

மழை. குழி எந்த இடம் என்றே தெரியவில்லை. அவர் சாப்பிட மட்டும் கீழே வந்தார்.

ஏப்ரல் 10, வியாழன்

50.

வியாழன்தோறும் புல் வெட்ட ஆள் வருவார் என்பது எப்படி மறந்தது எனக்கு! இயந்திரச் சத்தம் கேட்டபோது அவர் பாதி வெளியை முடித்திருந்தார். காலுறையோடு ஓடினேன். கையை ஆட்டினேன். வாயில் வார்த்தை வரவில்லை. "முயல், முயல்" என்று தமிழில் கத்தியிருக்கிறேன்.

நல்ல மனிதர். இயந்திரத்தை அணைத்துவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு வசந்தத்திலும் சிலவற்றைத் தாமதமாகத்தான் பார்க்கிறேன் என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. உறை போட்ட விரலால் மேலிருந்த புல்லை மெல்ல ஒதுக்கினார். குழி என்று சொல்ல அங்கே என்ன இருக்கிறது? என் உள்ளங்கையை நிறுத்தி வைத்தால் அதுதான் ஆழம். உள்ளே தாயின் மயிர் மெத்தை. அதற்குள் ஐந்து. ஒவ்வொன்றும் என் நடுவிரல் நீளம். கண் திறக்கவில்லை, காது தலையோடு ஒட்டிக் கிடக்கிறது. ஐந்தும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து, ஒரே உயிர்போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

அந்த இடத்தை மட்டும் பாய் அளவுக்கு வெட்டாமல் விட்டுவிட்டு, கம்பியில் கோத்த நான்கு சிவப்புக் கொடிகளை நட்டுத் தந்தார். அவர் போன பிறகு சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். இந்தப் பத்து நாளில் இதுதான் முதல் அழுகை. எதற்கு என்று என் கணவர் கேட்டார். முயலுக்கு என்றேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

தாய் வரவில்லை. காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை ஜன்னலை விட்டு நகரவில்லை நான். வரவே இல்லை. நாம் புல்லை ஒதுக்கியதால்தான், மனித வாடை பட்டதால்தான் என்று மனம் அடித்துக்கொண்டது. காட்டுயிர் மீட்பில் இருக்கும் ஒரு தன்னார்வலரின் எண் கிடைத்து அழைத்தேன். வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் பேச்சு என்றார். கம்பளி நூலைக் குழியின் மேல் குறுக்கும் நெடுக்குமாக வையுங்கள், காலையில் நூல் கலைந்திருந்தால் தாய் வந்து போயிருக்கிறாள் என்று பொருள் என்றார்.

பாப்பாவின் கைவேலைப் பெட்டியிலிருந்து மஞ்சள் நூல் எடுத்தேன். இரண்டு குறுக்கே, இரண்டு நெடுக்கே. ஆடுபுலி ஆட்டக் கட்டம் வரைந்ததுபோல் இருந்தது.

ஏப்ரல் 12, சனி

கலைந்திருக்கிறது! நான்கும் கலைந்திருக்கிறது! மேல்புல் புதிதாக மூடப்பட்டிருக்கிறது.

48 என்று எழுத இன்று கை வரவில்லை, இரவு எழுதுகிறேன். நாள் முழுக்க இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். விடியலில் ஒரு முறை, அந்தியில் ஒரு முறை. அவ்வளவுதான் அவள் வரவு. வந்தால் சில நிமிடம். குழியின் மேல் நின்றபடியே பால் கொடுத்துவிட்டு, புல்லை இழுத்து மூடிவிட்டுப் போய்விடுகிறாள். பால் அத்தனை கொழுப்பானது, அதனால் அது போதும். குட்டிகளுக்கு வாசனை என்று அதிகம் கிடையாது. வாசனை அவளிடம்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நரி வரும், நாய் வரும். அதனால் தள்ளிப் போய்ப் புதரில் உட்கார்ந்திருக்கிறாள். நான் பத்து மணி நேரம் ஜன்னலில் நின்று அவளைப் பொறுப்பில்லாதவள் என்று திட்டியிருக்கிறேன். அவள் எங்கிருந்தோ என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். தலையின் இரு பக்கமும் கண், திரும்பாமலே ஏறக்குறைய முழு வட்டமும் தெரியும்.

அவர் நாள் முழுக்க மேலறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பதைப் பற்றி நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். இன்று சாப்பாட்டுத் தட்டைக் கதவருகே வைத்துவிட்டு, தட்டாமல் வந்துவிட்டேன்.

முழு நிலா. பாப்பாவுக்கு நிலாவில் இருக்கும் முயலைக் காட்டினேன். தெரியவில்லை என்றாள். காதிலிருந்து பார் என்றேன். தெரிந்துவிட்டது.

ஏப்ரல் 14, திங்கள்

46. சித்திரை ஒன்று. வேப்பம்பூ டப்பாவில் ஒரு பிடிதான் மிச்சம் இருந்தது. பச்சடி செய்தேன். அடுத்த ஆண்டு எந்த வீட்டு அடுப்பில் என்று நினைத்தபடியே வெல்லத்தைப் போட்டேன், கூடிப்போய்விட்டது.

குட்டிகளுக்கு ஆறு நாள். கண் திறக்கும் பருவம். எடுத்துப் பார்க்கப் பாப்பா கெஞ்சுகிறாள். கூடாது என்றுவிட்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

அம்மாவிடம் பேசினேன். முயல் பற்றி மட்டும்தான் சொன்னேன். "குட்டி கண்ணு மூடியா இருக்குது? நம்ம காட்டு முயல் போடும்போதே கண்ணு திறந்திருக்குமே" என்றாள். உண்மைதான். பெரம்பலூர்ப் பக்கம் எங்கள் பருத்திக் காட்டிலிருந்து அப்பா ஒரு முறை துண்டில் பொதிந்து கொண்டுவந்த குட்டி மயிரோடும் விழித்த கண்ணோடும் இருந்தது. பிடரியில் கறுப்பு. அன்று மாலையே எடுத்த இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டார். அது வேறு இனம், இது வேறு. நம்மிடம் இரண்டுக்கும் முயல் என்ற ஒரே சொல்தான்.

இங்கே இதற்குக் காட்டன்டெயில் என்று பெயர், பருத்தி வால். ஓடும்போது வாலின் அடிப்பக்கம் தெரிகிறது: வெடித்த பருத்திக்காய் ஒன்று வளைந்து வளைந்து ஓடுவதுபோல. அப்பா இருந்திருந்தால் காட்டியிருப்பேன்.

ஏப்ரல் 16, புதன்

தொலைபேசி ஒலிக்கவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

43.

புல் வெட்டுபவர் கொடிகளைத் தொடாமல் அவற்றைச் சுற்றி வெட்டிவிட்டுப் போனார். கையசைத்தார்.

வீட்டு உரிமையாளர் மே மாதத்துக்குப் பிறகு என்ன முடிவு என்று கேட்டு எழுதியிருக்கிறார். பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதாமல் நூலகத்துப் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். இந்த முயல் வளை தோண்டுவதில்லை. ஐரோப்பிய முயல்தான் மண்ணுக்குள் அறை அறையாகக் குடைந்து, கூட்டமாக, தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கும். இதற்கு அப்படி ஒன்றும் இல்லை. புல்லை உடம்பால் அழுத்திய ஒரு பள்ளம்தான் படுக்கை. கடும் குளிரென்றால் கிரவுண்ட்ஹாக் விட்டுப்போன வளையில், வெட்டிப்போட்ட சுள்ளிக் குவியலில் ஒதுங்கும். பனிக்காலம் முழுவதையும் தூங்கிக் கழிக்கும் வழக்கமும் இல்லை, அணில்போலச் சேர்த்துவைப்பதும் இல்லை. ஒஹாயோ குளிரில் ஒவ்வொரு நாளும் வெளியே வந்து பட்டையையும் குச்சியையும் கடித்துத்தான் பிழைக்கிறது. பிப்ரவரியில் என் ரோஜாக் கிளைகள் கத்தியால் சீவியதுபோல் சாய்வாக அறுபட்டிருந்தன. மான் கடித்தால் நுனி பிய்ந்து நார் நாராக நிற்குமாம். சாய்வான சுத்தமான வெட்டென்றால் முயல். அன்று எவ்வளவு கோபப்பட்டேன். எட்டு ஆண்டில் மூன்றாவது வீடு இது, முதல்முறையாக மண்ணில் ஒன்றை நட்டிருக்கிறேன் என்று அவரிடம் கத்தினேன். தின்னட்டும். மிச்சம் இருப்பதையும் தின்னட்டும்.

ஏப்ரல் 19, சனி

பூனை. இரவில் வந்திருக்கிறது. மயிர் மெத்தை புல்வெளியெங்கும் சிதறிக் கிடந்தது. நான்கு உள்ளே இருந்தன. ஒன்று கொடிக்கு அப்பால் கிடந்தது.

அவர்தான் மண்வெட்டி எடுத்துவந்தார். வேலியோரம் புதைத்தார். மயிரைப் பொறுக்கி மறுபடி குழிக்குள் வைத்து மூடினோம், இருவரும் பேசாமல்.

பிறக்கும் முயல்களில் பெரும்பாலானவை ஓராண்டைப் பார்ப்பதில்லை என்று அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. பருந்து, ஆந்தை, நரி, கயோட்டி, காகம், பாம்பு, சாலை. அதனால்தான் ஒரு கோடையில் மூன்று நான்கு முறை ஈனுகிறதாம். கணக்கு சரியாக இருக்கலாம். அந்தக் கணக்கை இன்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

40. ஈஸ்டர். பக்கத்து வீட்டுப் புல்வெளியில் குழந்தைகள் பிளாஸ்டிக் முட்டை தேடினார்கள். அந்த வீட்டுப் பாட்டி பாப்பாவுக்கு ஒரு சாக்லேட் முயல் கொடுத்தார். அவள் அதைத் தின்னவில்லை. ஜன்னல் விளிம்பில் குழியைப் பார்த்தாற்போல் வைத்திருக்கிறாள்.

நூல் கலைந்திருந்தது. தாய் வருகிறாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

38.

இரவுச் சாப்பாட்டில் அவர், "இந்தக் கணக்குக்குள் வேலை கிடைப்பது முயற்கொம்புதான்" என்றார். தட்டிலிருந்து தலை நிமிராமல்.

முயலுக்குக் கொம்பு உண்டு என்றேன். நிமிர்ந்தார். சொன்னேன். இதே பருத்திவால் முயல்களுக்கு ஒரு வைரஸ் நோய் வருகிறது. முகத்தில், தலையில் கறுப்பாகக் கொம்பு கொம்பாக வளர்கிறது. 1933-இல் ரிச்சர்ட் ஷோப் என்ற விஞ்ஞானி அந்தக் கொம்பை அரைத்து, பாக்டீரியாகூட நுழையாத வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றை வேறு முயலின் தோலைச் சுரண்டித் தடவினார். அங்கேயும் கொம்பு முளைத்தது. கட்டியை ஒரு வைரஸ் உண்டாக்கும் என்று காட்டிய பெரிய கண்டுபிடிப்பு அது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸும் அதே குடும்பம்தான்.

அவர் சிரித்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன். "அப்படியானால் கிடைக்கும் என்கிறாயா?" என்றார். வாயருகே கொம்பு வளர்ந்தால் தின்ன முடியாமல் அந்த முயல் பட்டினியில் சாகும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 23, புதன்

குழி காலி. நூல் கலையவில்லை; ஒரு ஓரத்தில் மட்டும் கீழிருந்து மேலாகத் தூக்கியிருக்கிறது. பதினைந்து நாள். இரண்டு மணி நேரம் தேடினேன். இரத்தம் இல்லை, மயிர் சிதறல் இல்லை. தாமாகத்தான் போயிருக்க வேண்டும். போயிருக்க வேண்டும்.

ஏப்ரல் 24, வியாழன்

பார்த்துவிட்டேன்! குழாயடி கிளோவர் இலைகளுக்குள் ஒன்று. பாப்பாவின் டென்னிஸ் பந்து அளவுதான். காது நிமிர்ந்திருக்கிறது, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. ஒரு டான்டிலயன் தண்டைக் கடித்து, நூடுல்ஸ் உறிஞ்சுவதுபோல் உள்ளே இழுத்துக்கொண்டது. நான் மூச்சு விட்டதும் கல்லாகிவிட்டது. ஓடவில்லை. அசையாமல் இருந்தால் நான் இல்லை என்று நம்புகிற வயது. இனி அதற்கு யாரும் இல்லை, இந்த அளவில் தனி ஆள்.

ஏப்ரல் 28, திங்கள்

32. சாப்பாட்டு மேசையை ஒரு இளம் தம்பதியர் வந்து வாங்கிப் போனார்கள். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பாப்பாவுக்கு ஒரே கொண்டாட்டம்.

ஏப்ரல் 30, புதன்

பாப்பா ஓடிவந்தாள்: முயல் தன் புழுக்கையைத் தானே தின்கிறதாம். ஆமாம் என்றேன். முதல் முறை செரிக்காமல் மென்மையாக வருவதை மறுபடி தின்று, மிச்சமிருக்கும் சத்தையும் எடுத்துக்கொள்ளும். மாடு அசைபோடுவதுபோல இது அதன் வழி. முகம் சுளிக்காதே என்றேன்.

வெள்ளைப் பொட்டுக்காரன் இரண்டு நாளாகக் கண்ணில் படவில்லை.

மே 2, வெள்ளி

28. ஒரு முயல் வயிற்றில் இருக்கும் நாள் கணக்கும் இதுதான். ஈன்ற அன்றே மறுபடி கூடிவிடுமாம். அப்படியென்றால் அந்தப் பச்சைக் குதிரை! ஏப்ரல் 8 முதல் எண்ணினால் மே 6. மூன்று முறை எண்ணிவிட்டேன்.

மாலையில் தொலைபேசி. அவர் கதவைச் சாத்தாமலே பேசினார். கடைசிச் சுற்று நேர்காணல் செவ்வாய்க்கிழமையாம்.

மே 4, ஞாயிறு

வெள்ளைப் பொட்டு! வேலியடியில். இருக்கிறான்.

மே 6, செவ்வாய்

24.

அவர் காலை பத்து மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார். நான் பின்பக்கம் போய்விட்டேன். வீட்டுக்குள் இருந்தால் மூச்சு விடுவதே அவருக்குக் கேட்கும் என்று தோன்றியது.

அவள் அங்கே இருந்தாள். குழாயடிக்கு இந்தப் பக்கம், மீண்டும் வெட்டவெளி. வாய் நிறைய மயிர். பதினைந்தடி தூரத்தில் நான் படியில் உட்கார்ந்திருந்தேன். அவள் நிறுத்தவில்லை. புல் கொண்டுவந்தாள், போனாள், கொண்டுவந்தாள். பதினொன்றரைக்குக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மே 7, புதன்

23. இன்னும் ஒன்றும் சொல்லவில்லை அவர்கள்.

மஞ்சள் நூல் தீர்ந்துவிட்டது, பச்சைதான் இருக்கிறது. நாளை வியாழன், புல் வெட்டுபவர் வருவார். கொடிகளை இன்று இருட்டுவதற்குள் மாற்றி நட வேண்டும்.